இரண்டு நிமிடம் பதினொரு விநாடி

மண்முனைப் பாலத்தைத் தாண்டினால்
டவர் இரண்டு கோடாய்க் குறையும்.
அதற்கு முன்பே பாஸ்டர் சாமித்தம்பி
பைக்கை நிறுத்தி, கண்ணை மூடி,
படுவான்கரைக்காக ஜெபிப்பார்.
நான் டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன்.

"முன்னையவர்கள் தோணியில் வந்தார்கள்,
கைப்பிரதி நனையாமல் தலையில் வைத்து.
நமக்குக் கர்த்தர் கைக்குள்ளேயே தந்திருக்கிறார்" என்பார்.
வலை என்ற சொல்லை அவர் விடமாட்டார்.
பேதுருவில் தொடங்கி பேஸ்புக் வரைக்கும்
ஒரே மூச்சில் வருவார்.
நான் வாவியில் வலை வீசுகிறவனின் மகன்.
வலையில் பட்ட மீனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று
எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

தவமலர் அக்காவை அவர் வளவில் வைத்து எடுத்தேன்.
பின்னேரம் நாலரை, நல்ல வெளிச்சம்.
மகனுக்கு ஏழு வருடமாய் வலிப்பு.
"ஜெபிச்ச நாளையில இருந்து வரல்ல" என்றார்.
மருந்து, என்று நான் கேட்கவில்லை.
மேசையில் ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு பை.
கைபேசியை நாலு விரல் அளவு
இடப்பக்கம் திருப்பினேன்.

அழுத இடத்தை முன்னால் போட்டேன்.
முதல் மூன்று விநாடிக்குள் கண்ணீர் வராவிட்டால்
பார்க்கிற விரல் தள்ளிவிட்டுப் போய்விடும்.
வேதத்தில் இல்லை இது.
ஆனாலும் உண்மை.

விடியுமுன் பதினாலாயிரம் பேர்.
டோஹாவில் இருந்து ஆமென்.
ஸ்காபரோவில் இருந்து மூன்று ஆமென், ஒரு கைகூப்பல்.
சுவிஸில் இருந்து ஒருவர்
சபைக் கூரைக்குத் தகரம் வாங்கக் காசு அனுப்புவதாக.
பாஸ்டர் எண்ணிக்கையை வாசித்து வாசித்து அழுதார்.
உண்மையான அழுகை. அதை நான் பழிக்கமாட்டேன்.

மறுகா வைகாசி வந்தது.
கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தது.
சடங்குக்கு நெல்லுக் குத்த
அவர் குடியில் இருந்து வழமையாய்ப் போகிறவர் தவமலர் அக்கா.
இந்த முறை ஆளனுப்பவில்லை.
யாரும் ஏசவில்லை, வேலியில் கை வைக்கவில்லை.
உலக்கை வேறொருத்தியின் கைக்குப் போனது,
அவ்வளவுதான்.

குளிர்த்தி இரவு. தூரத்தில் உடுக்கைச் சத்தம்.
பதினொன்று ஐம்பதுக்கு என் போனில் ஒரு குரல் பதிவு:
"மனே, நான் யேசப்பாவ உடல்ல.
அம்மாள உட்டுட்டன் எண்டும் நான் சொல்லல்ல.
அவகிட்டயும் நேந்துதான் இருந்தன் எண்டு சொன்னன்,
நீங்கதானே அத வெட்டினீங்க.
அந்தப் படத்த எடுத்திருங்க, மனே.
மறுகா பேசுவம்."

நிச்சயமாகவா என்று கேட்டது.
ஆம் என்று அழுத்தினேன்.

பாஸ்டருக்கு அடுத்த நாள்தான் சொன்னேன்.
பாலம் வரும்வரை ஒன்றும் பேசவில்லை.
பைக்கை நிறுத்தினார், கண்ணை மூடவில்லை.
"பெடியன் மருந்தை நிப்பாட்டல்லையே?"
அவரும் அந்தப் பையைக் கண்டிருக்கிறார்.

அழித்ததும் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.
யாரோ ஒருவன் டிக்டொக்கில் வயலின் சேர்த்து,
அம்மனை உதறி வந்த பெண் என்று தலைப்பிட்டிருந்தான்.
இன்னொருவன் அதே துண்டை எடுத்து,
ஊரை விற்கிறார்கள் விழித்தெழு என்று போட்டிருந்தான்.
இருவருக்கும் அந்த ஒரே கண்ணீர் போதுமாய் இருந்தது.

வெட்டிய இருபத்தொன்பது விநாடி
என்னிடம் மட்டும் இருக்கிறது.
அதில் கோழியொன்று குறுக்கே ஓடுகிறது.
கை தளர்ந்து மருந்துப் பை சட்டத்துக்குள் வருகிறது.
"ரெண்டு பேருக்கும் சொல்லி வெச்சன் தம்பி,
ஆரு முதல்ல கேட்டாங்களோ" என்று
தவமலர் அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறார்.

இடம் போதவில்லை என்கிறது கைபேசி,
எதையாவது அழிக்கச் சொல்கிறது.
போன ஞாயிறு ஆராதனை
ஒரு மணி நாற்பது நிமிடம்.
அதை அழித்தேன்.