இரண்டு விரல்

சில்லறையின் கழுத்தை
கணுக்கால் அளக்கிற நூலால்தான் அளந்தேன்.
பத்து, பத்தரை என்றே பழகிய கை
பதினான்கைத் தாண்டியதும் கொஞ்சம் தடுமாறியது.
அதுவோ நூலைத் தின்னப் பார்த்தது.

பக்கத்துப் போர்ஷன் கண்டக்டர் கோதண்டபாணி
தருமபுரி டிப்போவுக்கு மாற்றலாகி
விட்டுவிட்டுப் போனவை:
கால் உடைந்த கட்டில்,
இரண்டு மாதக் கரண்டு பில்,
சில்லறை.
பேர் வைத்தது அவர்தான்.
சுவரில் ஆணி அடித்து
மாட்டுச் சங்கிலியில் கட்டியதும் அவர்தான்.
கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்து
ஒரு கறுப்பு வளையம் இருக்கிறது.
சங்கிலியைக் கழற்றி மூன்று வாரமாகிறது.

லீ பஜார் பக்கம் ஒரு கடை.
பையன் மேசையில் கொட்டினான்,
தோல், நைலான், சலங்கை வைத்தது,
உள்பக்கம் முள் வைத்தது,
இழுக்க இழுக்க இறுகுவது.
"இதுதாங்க்கா நல்லா போகுது.
ரெண்டே நாள்ல அடங்கிடும்."
சொல்லும்போது
தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டான்.

சலங்கையும் வேண்டாம் தம்பி.
நாளெல்லாம் நான் அந்தச் சத்தத்துக்குள்தான் இருக்கிறேன்.

ஒரு தோல் பட்டை பிடித்திருந்தது.
திருப்பிப் பார்த்தால்
கயிறு மாட்டும் வளையத்தில் பற்றவைப்பே இல்லை.
இரண்டு முனையும் சும்மா முட்டிக்கொண்டு நிற்கின்றன,
பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பி மாதிரி.
இருபத்திரண்டு வருஷமாக
வளையத்தின் வாயை மூடுவதுதான் என் பிழைப்பு.
காட்டினேன்.
"நாய்க்குத்தானேக்கா" என்றான்.

இருபது ரூபாய் குறைத்து வாங்கினேன்.
செவ்வாய்ப்பேட்டை பட்டறையில், சாப்பாட்டு நேரத்தில்,
தோல் கருகாமல் ஈரத்துணி சுற்றி
நானே ஊதினேன்.
ஒரு சிட்டிகை வெள்ளிப்பொடி முதலாளியுடையது.
கணக்கில் இடித்தால் கேட்பார்.
கேட்கட்டும்.

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே
இரண்டு விரல் நுழைய வேண்டும் என்றாள் மும்தாஜ்.
அவள் கொழுந்தனார் ஏற்காட்டில்
காப்பித் தோட்டத்துக்குக் காவல்,
நான்கு நாய் வைத்திருக்கிறார்.
இரண்டு விரல் நுழைத்துப் பார்த்தேன்.
நுழைந்தது.
யாருடைய விரல் என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆடித் திருவிழா.
குகையில் வண்டி வேடிக்கை பார்க்கக் கூட்டம்.
அந்த நேரத்தில் அதைத் தெருவுக்குக் கூட்டிவந்தது
என் புத்தி.
முதல் வெடிக்குக் காதை மடக்கியது.
இரண்டாவதற்குப் பின்னால் நகர்ந்தது.
நான் முன்னால் இழுத்தேன்.
இழுத்திருக்கக் கூடாது.

கையில் கயிறு இருந்தது.
கயிற்று முனையில் பட்டை இருந்தது.
பட்டைக்குள் யாருமில்லை.
நான் ஊதிய வளையம்
அப்படியே இருந்தது, கீறல்கூட இல்லாமல்.

மணிமுத்தாற்றுப் பாலம், பஸ் ஸ்டாண்டு,
மூடிய கறிக்கடைகள்.
தொண்டை கட்டும்வரை
"சில்லறை, சில்லறை" என்று கூப்பிட்டேன்.
ஒருவர் நின்று
ஐந்து ரூபாய்க்கு மாற்றித் தந்தார்.

விடிகிற நேரம் வீட்டுக்கு வந்தால்
பூட்டிய போர்ஷன் முன்னால் படுத்திருக்கிறது.
ஆணியில் இன்னும் தொங்குகிற சங்கிலிக்குக் கீழே,
அது எவ்வளவு தூரம் எட்டுமோ
அவ்வளவுக்குள்,
கட்டாமலே.

காலையில் மும்தாஜ் வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.
தீக்காயம் ஆறி ஆறித் தடித்த விரல்கள்.
"இந்த ரெண்டுல என் மூணு போகும்டி" என்றாள்.
ஊசியைச் சுடவைத்து
உள்தள்ளி ஒரு துளை போட்டோம்.
தோல் நாற்றத்துக்குச் சில்லறை தும்மியது.
அவள் விரலை நுழைத்து
மெல்ல ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

ஆணியைப் பிடுங்க வேண்டும்.
சுவர் உதிருமென்று வீட்டுக்காரர் கத்துவார்.

இப்போது தினமும் ஆறு மணிக்கு நடக்கிறோம்.
கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதில்லை,
உள்ளங்கையில் ஒரு மடிப்பு, போதும்.
அது நின்றால் நானும் நிற்கிறேன்.
கயிறு தொய்ந்து
கிட்டத்தட்டத் தரையைத் தொடுகிறது.
பட்டறை திறக்க ஒன்பதாகும்.
இந்தக் கரண்டுக் கம்பத்தை
அது இன்னும் மோந்து முடிக்கவில்லை.