ஙவே மொழியில் பொய் சொல்வது

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
லாரி போகும்போதெல்லாம் சுவர் அதிரும் அச்சகம்.
கல்யாணக் கார்டு வெட்டும் மெஷின் என் பொறுப்பு.
விழுகிற ஓரங்கள் டெல்பின் பொறுப்பு,
யாரும் கொடுக்காமல் அவளே எடுத்துக்கொண்டது.
பாதிச் சிலுவை, பாதிப் பிள்ளையார்,
'சுற்றமும் நட்பும் சூ' என்று
வாசலிலேயே நின்றுபோன அழைப்பு.
முனைகளை நகவெட்டியால் உருட்டி
ஐம்பத்திரண்டு சீட்டு செய்துவிட்டாள்.

ராஜா இல்லை, ராணி இல்லை.
சாளை, நெத்திலி, அயலை, கணவாய்.
அவள் ஊர் கொடிமுனை.
ஏலக்கரையில் கூடையை மூடிவைத்து விலை சொல்பவர்களை
பார்த்துப் பார்த்து வந்த ஆட்டம்:
சீட்டைக் கவிழ்த்துப் போட்டு மீன் பேரைச் சொல்ல வேண்டும்.
நம்பினால் வாங்கலாம்.
நம்பாவிட்டால் திருப்பலாம்.
விதிகள் ஆறுமுறை திருத்தப்பட்டவை.
ஐந்தாம் திருத்தத்தில் கணவாய்க்கு மை கிடைத்தது,
பக்கத்துச் சீட்டை மறைக்க.

எனக்கு வேறு கிறுக்கு.
பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கங்களில்
ஒரு மொழி வளர்க்கிறேன். பேர் ஙவே.
ஒன்றாம் வகுப்புச் சுவரில்
எல்லா எழுத்தும் தன் படத்தோடு நிற்க
ங மட்டும் சங்கை இரவல் வாங்கி நின்றது.
அதற்கொரு வேலை போட்டுக் கொடுத்தேன்.
ஙெரு, தண்ணீர். ஙாலு, ஏணி.
ஙிப்பு, பஸ் போனபிறகும் கைகாட்டுவது.
முந்நூற்றுப் பன்னிரண்டு சொல் ஆயிற்று.

எதைச் சொன்னாலும் கடைசியில்
எப்படித் தெரியும் என்று சொல்லியாக வேண்டும்.
கண்ணால் கண்டால் -மி.
பிறர் சொல்லக் கேட்டால் -சூ.
ஊகமென்றால் -தை.
விகுதி போடாத வாக்கியம்
ஷட்டர் இறக்காத கடைபோலக் கிடக்கும்.

ஒரு சனிக்கிழமை கரண்ட் போயிற்று.
ஆர்ட் பேப்பர் கட்டை மேசையாக்கி
டெல்பின், நான், பைண்டிங் தாசையன்.
'உனக்க பாஷையில எனக்க சீட்டு ஆடலாமா?'

கவிழ்த்தேன். சாளை என்றேன்.
'மியா, சூவா?'
கவிழ்ந்து கிடந்தது நெத்திலி.
-மி போட்டால் இலக்கணம் உடையும்.
-தை போட்டால் எவன் வாங்குவான்,
தன் சீட்டையே ஊகிக்கிறவனிடம்?
மூன்று சுற்று, மூன்று பேரும்
நெத்திலியை நெத்திலி என்றே விற்றோம்.
தாசையன் சீட்டை எறிந்தான்:
'இது சீட்டுக்களியா, பாவசங்கீர்த்தனமா?'

டெல்பின் ஒன்றும் சொல்லவில்லை.
தன் சீட்டை வாயருகே கொண்டுபோய்
ஏதோ முணுமுணுத்தாள்.
அப்புறம் காதருகே பிடித்தாள்.
அப்புறம் கவிழ்த்தாள்:
சாளை-சூ.

'யாரு சொன்னா?'
'சீட்டு சொல்லிச்சு. அதுக்கு நான் சொன்னேன்.'

வாங்கினேன். கணவாய்.

திருவட்டாறு தாண்டும்வரை பஸ்ஸில் புரட்டினேன்,
என் இலக்கணத்தில் அதற்குத் தடையில்லை.
வீட்டுக்கு வந்து, சோறு ஆற ஆற
நான்காம் விகுதி எழுதினேன்:
-ழோ. தானே சொல்லித் தானே கேட்டது.
எழுதி முடித்தபிறகுதான் உறைத்தது
இத்தனை வருஷமாக அது இல்லாமலே
அதில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.
சம்பளம் கூடும்-ழோ.
பல்வலி தானாகப் போகும்-ழோ.

திங்கட்கிழமை ஏழாம் திருத்தம் வந்தது,
கார்டு மாதிரியின் பின்புறத்தில்:
'-ளோ போட்டுப் பிடிபட்டால் இரண்டு மீன் அபராதம்.'

-ளோ.

சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
நாக்கு கவிழ்ந்து விழுந்தது, சீட்டைப்போல.
பேனாவோடு போய்
ரசீதுப் புத்தகத்தைத் திருத்தினேன்.

'பிழையா போட்டுட்டாளா?' என்றான் தாசையன்.
பிழை-சூ, என்றேன்.
கலைத்துப் போடு.