அட்டை

பால்மாப் பெட்டியைப் பிரித்து
இரவில் காருக்கடியில் விரித்திருந்தேன்.
காலையில் அந்த அட்டையில் ஒன்பது பொட்டு.
முந்தாநாள் ஆறு.

வாங்கின அன்றைக்கே அண்ணன் ஜெயசீலன் சொன்னான்:
இது சன்னி இல்ல தங்கச்சி, சனி.
நிஸான்காரன் எழுத்தை மாத்திப் போட்டுட்டான்.
வீட்டுக்கார நோனா
புதுசாய்ப் போட்ட சிமெந்தைக் காட்டுவாள்,
வாய் திறக்கமாட்டாள்,
விளக்குமாற்றால் காட்டுவாள்.

டிக்கோயா கராஜில் சம்ப் பெக்கிங் என்றார்கள்.
எட்டாயிரத்து ஐந்நூறு.
மறுநாளும் ஒன்பது.
கொட்டகலை பாஸ் ஒரு விரலால் தொட்டு
அந்த விரலை என் கண்முன்னால் பிடித்து
கிராங்க் சீல் என்றார்,
கியர்பொக்ஸை இறக்கணும் என்றார்.
அவர் சொன்ன கணக்குக்கு
ஆறு பிள்ளைகளை ஐந்து மாசம்
ஸ்கூலுக்கு ஏற்றி இறக்கணும் நான்,
பெட்ரோலே அடிக்காமல்.

போயா நாள். ஓட்டமில்லை.
படியில் உட்கார்ந்து
காரின் நனைந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கணுக்கால் அரித்தது,
எதுவும் கடிக்காமல்,
பழைய அரிப்பு.

கொழுந்தெடுத்த ஒன்பது வருசமும்
ரத்தம் செருப்பில்தான் தெரியும்.
செருப்பிலா கடிக்கும் அட்டை?
முழங்காலுக்குப் பின்னால் எங்கோ கடித்து
குடித்து, பருத்து, விழுந்து
போயே போயிருக்கும்.
துடைத்துத் துடைத்து மேலே போகணும்.
நனைந்ததில் எது உயரமோ
அங்கேதான் அது வாய் வைத்த இடம்.

மண்ணெண்ணெய். பல்தேய்க்கிற பிரஷ்.
பகல்வரை எஞ்சினைக் கழுவினேன்.
வெயில் பத்து நிமிசம் வந்தது, அதுவே பெரிசு.
பிறகு அண்ணனின் கெரம் பவுடரை
டின் காலியாகும்வரை தூவினேன்.
மதிலுக்கு மேலால் மல்லிகாதேவி எட்டிப் பார்த்து
என்ன, கல்யாணமா என்றாள்.
மாப்பிள்ளை வீட்டார் வாராங்க என்றேன்.

நோர்வூட் பாலம் வரை போய்த் திரும்பினேன்.
பொனட்டைத் தூக்கி டோர்ச் அடித்தால்
வெள்ளைக்குள்ளே ஒற்றைக் கறுப்புக் கோடு.
அடியிலிருந்து பிளொக்கின் முதுகோடு ஏறி
டெபட் கவரின் பின்மூலையில் போய் நின்றது.
சம்ப் பாவம். சீல் பாவம்.
அவை வெறும் செருப்பு.

அறுநூற்று ஐம்பதுக்குப் புதுப் பெக்கிங்.
பழையது பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது.
நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாய்
குறுக்கும் மறுக்குமாய் இறுக்கினேன்.
இரண்டு நாள் அட்டை சுத்தம்.
மூன்றாம் நாள் மூன்று.

அழவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்,
பின்சீட்டில் பிள்ளைகள் ஏறியிருந்ததை மறந்து.

மத்தியானம் அந்த ரப்பர்க் குழாயைக் கழற்றினேன்,
எஞ்சின் மூச்சுவிடுகிற குழாய்,
இதுவரை யாரும் தொடாதது.
உள்ளே மாஜரின்.
மஞ்சளாய், குளிர்ந்து, விரலில் ஒட்டியது.
ஹட்டன் மூடுபனிதான், வேறென்ன.
நான் ஓடுவது தடவைக்கு மூன்று கட்டை,
எஞ்சின் சுடுவதற்குள் ஸ்கூல் வந்துவிடும்.
உள்ளே போன பனி
வெளியேறத் தெரியாமல்
ஒயிலோடு குழைந்து குழைந்து
வாசலை அடைத்திருக்கிறது.
மூச்சுவிட வழியில்லாவிட்டால்
எந்த மூலைதான் பிதுங்காது.

பெட்ரோலில் ஊறவைத்து
கம்பியில் துணி சுற்றி
குழாயின் மறுபக்கம் வானம் தெரியும்வரை குடைந்தேன்.
ஊமையாய் இருந்த சின்ன வால்வு
காதருகே ஆட்டினால்
கிலுகிலு என்றது.

இன்றைக்குக் காலை அட்டையில் ஒரு பொட்டு.
தொட்டேன். நிறமில்லை.
பம்பரிலிருந்து சொட்டிய பனி.
நம்பாமல்
மோந்தும் பார்த்தேன்.