கடைசி இலக்கத்திலிருந்து

இரவு இரண்டு பத்துக்கு
பாய லேபார் கிடங்கில் பெல்ட் நின்றது.
குறியீடு படிக்கும் சிவப்புக் கண் அணைந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் தரையில்.
லாரி ஐந்தரைக்கு.

மெங் ஹுய் ஒன்றை எடுப்பான்,
இன்னொன்றின் அருகே வைத்துப் பார்ப்பான்,
இடம் தேடி நுழைப்பான்.
நாற்பதாவது பெட்டிக்காக
முப்பத்தொன்பதையும் நகர்த்தவேண்டி வந்தது.
"இப்படியே போனால் அடுத்த தீபாவளி" என்றார் ஹைருல்.

பத்துத் தள்ளுவண்டி கேட்டேன்.
பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதி ஒட்டினேன்.
அஞ்சல் குறியீட்டில் கடைசி இலக்கம் மட்டும் பாருங்கள்.
பேர் வேண்டாம், பேட்டை வேண்டாம்.

"காலிலிருந்தா தலை வாருவாய்?"

ஈசூனும் கேலாங்கும் ஒரே வண்டியில் விழுந்தன.
பூஜ்யத்திலிருந்து வரிசையாக எடுத்து அடுக்கி
அடுத்த இலக்கம். மறுபடி, அதற்கடுத்தது.
ஒரே விதி:
ஒரு வண்டிக்குள் முந்தி வந்தது முந்தியே இருக்கும்.

மூன்றாம் சுற்று முடிந்தபோது
குவியல் முன்னைவிட மோசம்.
ஹைருல் சிகரெட்டோடு வெளியே போனார்.
எனக்கும் வயிற்றைக் கலக்கியது.
பாடப்புத்தகத்தில் பெட்டிகளுக்கு எடை கிடையாது;
இங்கே பத்துக் கிலோ பூனை மணல்,
அதை ஆறு தடவை தூக்கவேண்டும்.

தொடக்கநிலை ஆறு முடிவு வந்த அன்று
மின்தூக்கி பதினோராம் மாடி சேர்வதற்குள்
நால்வரோடு என்னை ஒப்பிட்டு முடித்திருந்தார்கள்.
வரிசையில் நிற்கும் நால்வரிடையே ஒருத்தியைச் செருக
மூன்று கேள்வி போதும்.
அவர்கள் நான்கும் கேட்டார்கள்.

ஒப்பிட்டே அடுக்கும் எந்த வழிக்கும்
ஓர் அடித்தளம் உண்டு.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்றால்
மோசமான இரவில்
இரண்டாயிரத்து நூறுக்கு மேல் கேள்விகள்;
எந்தக் கெட்டிக்காரனும் அதற்குக் கீழே இறங்கமுடியாது.
நிரூபணம் அரைப் பக்கம்தான்.

நாங்கள் தொட்டது
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்திரண்டு முறை.
நீ பெரியதா அது பெரியதா என்று
ஒரு பெட்டியையும் கேட்கவில்லை.

ஆறாம் சுற்று.
வண்டிகளைக் காலிசெய்ய
மெங் ஹுய் உரக்கப் படித்துக்கொண்டே போனான்.
எண்கள் ஏறின,
புளோக்குக்கு அடுத்த புளோக்காக.
குரல் மெல்ல மாறிக்கொண்டிருந்தது.
ஹைருல் வாசலிலேயே நின்றார்.

ஓரிடத்தில் நிறுத்தினான்:
ஒரே குறியீடு, ஒரே வீடு, இரண்டு பெட்டி.
"இதில் எது முதலில்?"
"எது முதலில் வந்ததோ."

ஐந்து பதினெட்டுக்கு
பெல்ட் தானாக உயிர்பெற்று
வெறுமனே ஓடியது.