அறுபது புள்ளி நாலு

மேல் உருளையின் இடப்பக்கப் புஷ்
மாசி ஏழாம் தேதி விடிகாலை
ஒரே ஒரு சத்தம் போட்டு
இரண்டாய்ப் பிளந்தது.
தேசம்மாவின் இரண்டு டிராக்டர் கரும்பு
வெட்டி வந்து களத்தில் கிடந்தது.
கரும்பு ஒன்றும் சொல்லாது. புளிக்கும்.

பள்ளிப்பட்டில் இரண்டு கடை.
ஒருவர், "அந்தக் கம்பெனியே இப்ப இல்லம்மா" என்றார்.
இன்னொருவர் உடைந்ததை உள்ளங்கையில் எடை பார்த்து
"பழசு விலைக்கு எடுத்துக்கட்டுமா?" என்றார்.

என் வீட்டுக்காரருக்குத் தடாவில் வேலை.
ஷிப்டுக்கு நாலாயிரம் புஷ் துப்புகிற மெஷின் முன்னால்
எட்டு மணி நேரம் நிற்கிறார்.
போனில் சொன்னேன்.
"நாலாயிரம் வேணும்னா சொல்லு.
ஒண்ணே ஒண்ணு எப்படிப் பண்றது?"
சிரித்தாரா, பெருமூச்சா,
அதற்குள் டவர் போய்விட்டது.

கார்வேட்டிநகரம் வழியாகச் சித்தூர்.
மூன்று காயலான் கடையில் இல்லை.
நான்காவதில், செத்த பம்புசெட்டுகளுக்குப் பின்னால்,
கிரீஸ் தாள் சுற்றி, கம்பெனி முத்திரையோடு
யாரும் தொடாத ஒரு புஷ்.
ஆயிரத்து எண்ணூறு என்றார் ரெட்டி.
நான் நோட்டை எண்ண ஆரம்பித்த பிறகு
"முந்து கொலவண்டி" என்றார்.

செய்யாற்றுப் பக்கம் பிறந்தவள் நான்.
பதினோரு வருஷத்தில்
பேரம் பேசுகிற அளவுக்குத் தெலுங்கு வரும்.
கொலை வண்டியா?
திரும்பித் தெருவைப் பார்த்தேன்.
ஒரு பால் வண்டி நின்றது.
ரெட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு
பேசாமல் காசை வாங்கிக்கொண்டார்.

ராத்திரி பத்து மணிக்குப் பூட்டினோம்.
பூட்டினோம் என்றால்
கன்னியப்பன் பூட்டினான், நான் டார்ச் பிடித்தேன்.
புஷ் கம்பெனி சொன்ன அளவில்
ஒரு நூல் பிசகாமல் இருந்தது.
அதுதான் கோளாறு.
தண்டு அந்த அளவை விட்டு
எப்போதோ போய்விட்டது.
இடைவெளியில் ஒரு தீக்குச்சி நுழைந்தது.
இரண்டாவது, பாதிவரை.
அப்போதுதான் என் காதில் அந்தச் சொல் பிரிந்தது.
கொலவண்டி: அளந்து பாருங்க.

காலையில் உருளையைக் கழற்றிக்
குட்டியானையில் ஏற்றி மறுபடி சித்தூர்.
செக்போஸ்ட்டில் ஒருத்தர் கோணியைத் தூக்கிப் பார்த்தார்.
"என்னது இது?"
"உடம்பு சரியில்லாத இரும்பு, சார்" என்றான் கன்னியப்பன்.

ஜிலானி பாய் வெர்னியரை நாலு இடத்தில் வைத்தார்.
நாலு இடத்திலும் நாலு எண்.
"ரவுண்டு இல்லம்மா, முட்டை."
தேய்ந்ததை இன்னும் கொஞ்சம் தேய்த்தால்தான்
வட்டமாகும் என்றார்.
எனக்கு ஒப்பவில்லை,
இருப்பதே கொஞ்சம்.
அதற்குள் லேத் சுற்ற ஆரம்பித்துவிட்டது.
முப்பது பருவத்துக் கோணல்
நீலநீலமாய்ச் சுருண்டு
அவர் செருப்பின் மேல் விழுந்தது.

அறுபது புள்ளி நாலில் நிறுத்தினார்.
பிறகு மேஜைக்கடியிலிருந்து ஒரு கன்மெட்டல் துண்டு.
எதிலிருந்து எடுத்தது என்று கேட்டேன்.
"அது உங்களுக்கு வேணாம்" என்றார்.
கடைந்து, துளை போட்டு, எண்ணெய்க்கு வழி வெட்டி,
பஞ்ச் வைத்து எண்ணைத் தட்டிக் கொடுத்தார்.
60.4.
உலகத்தில் எந்தக் கடையிலும் கேட்க முடியாத அளவு.
எழுநூறு வாங்கினார். உடைந்ததையும் வைத்துக்கொண்டார்.

ஒரு டிராக்டர் கரும்பு பிழைத்தது.
இன்னொன்றில் பாகு கட்டவே இல்லை.
சாராயத்துக்குக் கேட்டு ஓர் ஆள் வந்தான்,
கொடுக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.
தேசம்மா பத்து நாள் என்னோடு பேசவில்லை.
பதினோராம் நாள் கூலிக் கணக்கில் முந்நூறு குறைத்தாள்.
அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி புஷ் கிரீஸ் தாளோடு
கணக்கு நோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
நேற்றுத் திருத்தணிப் பக்கமிருந்து ஒரு போன்.
ரெட்டி நம்பர் கொடுத்தாராம்.
புஷ் இருக்காமே?
இருக்கு. ஆயிரத்து எண்ணூறு.
இன்றைக்கே கிளம்புகிறேன் என்றார்,
குரலுக்குப் பின்னால்
ஆலை ஓடாத அமைதி.
என்ன தோன்றியதோ, வாய் தெலுங்கில் போனது:
"முந்து கொலவண்டி."

"எந்த வண்டிங்க?" என்றார்.