டேங்க் மூடி

மூணு இழுப்புக்கு ஒரு இருமல்.
ஆறாவது இழுப்புக்கு அதுவும் இல்லை.

ஜெயநகர், ஒரு குறுக்குத் தெரு.
தூங்குமூஞ்சி மரம்
மழையில் கால் இடறி
ஓர் ஆட்டோவின் மேல் படுத்திருக்கிறது.
ஆட்டோவில் ஆள் இல்லை.
ஆள் என் பக்கத்தில் நிற்கிறார், அனுமந்தராஜு,
தலையில் பிளாஸ்டிக் பை,
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
"ஆய்த்தா மேடம்?"

ஆகவில்லை.

பிளக்கைக் கழற்றினேன். காய்ந்த முனை.
ஈரமாக இருந்தால் அது வேறு வியாதி.
இது பொறி இருந்தும்
குடிக்கக் கிடைக்காத வியாதி.

சக்லேஷ்புரத்துக் காப்பித் தோட்டம் ஒன்று
போதும் என்று தள்ளிவிட்ட ரம்பம்.
பதினாறு வருஷம். ஆரஞ்சு நிறம்
கைப்பிடிக்கு அடியில் மட்டும் மிச்சம்.

கம்பியை வளைத்து டேங்குக்குள் துழாவி
ஃபில்டரை இழுத்தேன்.
பின்னாலேயே குழாய் வந்தது,
வந்த கையோடு பிட்டுக்கொண்டது,
டீயில் ஊறிய வர்க்கி போல.
இப்போது பங்கில் ஊற்றுகிற பெட்ரோல்
பழைய ரப்பரை இப்படித்தான் தின்கிறது.

எதிரே நர்சிங் ஹோம்.
இரவு டியூட்டி பிலோமினா
கேள்வி கேட்காமல்
குளுக்கோஸ் ஏற்றும் குழாயில்
ஒரு சாண் வெட்டித் தந்தாள்.
பெட்ரோல் பட்டால் விறைத்துவிடும், தெரியும்.
விடியும்வரை போதும்.

கார்புரேட்டரையும் திறந்தேன்:
நகக்கண் அளவு வலையில் பிசின்,
டயஃப்ரம் அப்பளமாக மொடமொடத்தது.
பையில் ஒரு புதிது கிடந்தது.
எஸ்.பி. ரோட்டில் வாங்கியது,
இதற்கா, வேறு எதற்காவதா, நினைவில்லை.
பொருந்தியது.

இரண்டாவது இழுப்பில் எடுத்துக்கொண்டது.
தெரு முழுக்க நீலப் புகை.
பால்கனிகளில் கைதட்டல்கூட.

நான்கு நிமிடம்.
கிளை பாதி அறுபட்டிருக்க
குரல் ஏறி, மெலிந்து,
நின்றது.

இந்த நான்கு நிமிடத்தை எனக்குத் தெரியும்.
போன வாரம் முழுக்க இதே நான்கு நிமிடம்தான்.
செவ்வாய்க்கிழமை, வில்சன் கார்டனில்,
எல்லார் முன்னாலும்
இருதயராஜைக் கேட்டேன்:
லிட்டருக்கு இருபது மில்லி ஆயில்
அளக்கத் தெரியாதாடா உனக்கு?
அளந்தேன்க்கா என்றான்.
இன்னொரு தடவை சொல்லவில்லை.
கையுறையை மடித்து
வண்டி பானட்டில் வைத்துவிட்டுப் போனான்.
இப்போது முதுகில் பை மாட்டி
வீடுவீடாகப் பிரியாணி கொண்டுபோகிறானாம்.

பெட்ரோல் தீர்ந்திருக்குமோ என்று
மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ்.

வெளியே வந்த மூச்சு இல்லை.
உள்ளே போன மூச்சு.

முக்கால் டேங்க் இருக்கிறது.
குடித்துக் காலியான இடத்துக்குக்
காற்று வர வழியில்லை.
இஞ்சின் உறிஞ்ச,
டேங்க் பிடித்து வைத்துக்கொள்ள,
நான்கு நிமிடம் இழுபறி.
துவாரத்தில்
ஆயிலில் குழைந்த மரத்தூள்,
கடுகளவு,
எந்த மரத்துடையதோ.

மறுபடி பிலோமினா. இந்தத் தடவை ஊசி.
"யாருக்கு?" என்றாள்.

அதற்கப்புறம் நிற்கவில்லை.
இருபது நிமிடத்தில் ஆட்டோவின் மஞ்சள் தெரிந்தது.
அனுமந்தராஜு இலைக்குள் கைவிட்டுத் துழாவி
ஒரு டிபன் பாக்ஸை எடுத்தார்,
திறந்து பார்த்தார்.
சித்ரான்னம். நசுங்கவில்லை.
பாதியை மூடியில் போட்டு என்னிடம் நீட்டினார்.
பெட்ரோல் கையோடு தின்றேன்.

பிறகு போனில் தட்டினேன்:
மிக்ஸ் சரியாத்தான்டா இருந்திருக்கு. டேங்க் வென்ட்.
கட்டைவிரல் வழுக்கி
வென்ட் வெண்டை ஆனது.
திருத்தாமல் அனுப்பினேன்.
திருத்த உட்கார்ந்தால்
அனுப்பியிருக்க மாட்டேன்.

ஒற்றை டிக்.

அடிமரம் இன்னும் பாக்கி.
ரம்பம் ஓடும்போது போன் அடித்தால் கேட்காது.
ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் அணைத்தேன்.
ஏன் மேடம் என்றவர்களிடம்
மெஷின் பழசு,
சூடாகிறது என்றேன்.