புதுமைக்கு இரண்டு

பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு ரியூசன் கொட்டில்.
ஞாயிறு நாலு மணிக்குக் கெமிஸ்ரி முடிய
வாங்குகள் எங்களுக்கு.
பலகையில ஒருத்தரும் அழிக்காத பென்சீன் வளையம்.
அதுக்குக் கீழ ஏழு கட்டம் கீறினம்,
ஏழு திரைக்கதைக்கு.

பேர் போடக்கூடாது, இலக்கம் மட்டும்.
தன்ரைக்கும் தானே புள்ளி போடவேணும்,
இல்லாட்டி விட்ட இடத்தை வைச்சே
ஆளைப் பிடிச்சுப்போடுவாங்கள்.
உரையாடலுக்குப் பத்து, காட்சிக்குப் பத்து,
புதுமைக்குப் பத்து.

பிடிக்கிறது எண்டா எப்பிடியும் பிடிக்கலாம்.
'மளை பெய்கிறது' எண்டு தொடங்கினால்
அது கேதாரன்.
சாவீட்டுக்கு நடுவில பாட்டு வந்தால்
சுகிர்தன்.
தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்து
புள்ளி போடுறதுதான்
எங்களுக்கு வந்த ஒரே நடிப்பு.

ஐந்தாம் இலக்கம் என்ரை.
வெள்ளவத்தையில, ஒன்பதாம் மாடிக்கும்
பத்தாம் மாடிக்கும் இடையில
லிப்டுக்குள்ள மாட்டுப்பட்ட ஒரு சோடி.
நான் லிப்டில ஏறினது
ரெண்டே ரெண்டு தரம்.
ரெண்டு தரமும் ஆஸ்பத்திரியில.

நாலாம் இலக்கம் இப்பிடி இருந்தது:
தென்னைக்கும் கிணத்துக்கும் சரி நடுவில
உரபாக்கால சுத்தித் தாட்ட தையல் மிசின்.
மூண்டு வருசம் கழிச்சு
ஒருத்தி மண்வெட்டியோட வாறாள்.
கிணறு இருக்கு. தென்னை இல்லை.
ஒரு புள்ளியை வைச்சுக்கொண்டு
எங்க நடுவைப் பிடிக்கிறது?
நிக்கிறாள். வசனம் இல்லை.
நாலு பக்கத்துக்கு நிக்கிறாள்.

நான் எழுதின குறிப்பு:
'இந்தமுறை தோண்டுற கதை இதோட மூண்டு.
இது எல்லாற்றை வளவிலயும் நடந்தது.
புதுமைக்கு இரண்டு.'

என்ரை லிப்டுக்கு ஆரோ ஒன்பது போட்டிருந்தினம்.
'எங்கட பக்கத்தில இப்பிடி ஒண்டும் வந்ததில்லை' எண்டு
ஒரு வரியும்.
வாசிக்கேக்க காது சுட்டது,
சந்தோசத்தில எண்டுதான் அப்ப நினைச்சன்.

கூட்டிப் பாத்தால்
கேதாரனுக்கு நூற்றைம்பத்தொண்டு,
எனக்கு நூற்றிநாற்பத்தொன்பது.
அறுவடை மெசின் ஓட்ட வந்தவன்
வாத்தியார் வீட்டுக் கோழியைத் தூக்கின கதை
முதலாம் இடம்.
எனக்கு நானே போட்டது பதினைஞ்சு,
அடக்கமாம்.
தனக்கு முப்பது போட்டதெண்டு சொல்லி
ரோல்ஸ் கடிச்சபடி சிரிச்சான் கேதாரன்:
'நானே போடாட்டி வேற ஆர் போடுறது?'

ஐஞ்சேமுக்கால் முல்லைத்தீவு பஸ்.
துசியந்தினி விசுவமடு,
நான் தருமபுரம்.
நாலாம் இலக்கம் அவள் எண்டு
பேர் வாசிக்கேக்கதான் தெரியும்.
யன்னல் பக்கம் இருந்தவள்
என்ரை சீட்டை மடியில விரிச்சாள்.
'ரெண்டுக்கு வால் நீட்டிப் போடுறது
நீங்கள்தானே?'
'ஓம்.'
'உங்கட என்ன மிசின்?'
'மிசின் இல்லை, தண்ணி மோட்டர்.'
'கிடைச்சதோ?'

கண்டாவளைச் சந்தியில ஆக்கள் ஏறிச்சினம்,
ஒரு மூட்டை எள்ளும்.
'கூடு கிடைச்சது.
உள்ளுக்க ஒண்டும் இல்லை.
ஆரோ கிண்டி எடுத்து
கம்பிச் சுருளைக் கழட்டிக்கொண்டு
திரும்பப் பூட்டி
அதே இடத்தில தாட்டிருந்தவங்கள்.'

'நட்டு?'
'நாலும். இறுக்கிக் கிடந்தது.
ஸ்பானர் போட்டு ஏறி நிண்டுதான் கழட்டினன்.'

முதல் சிரிச்சாள்.
பிறகு நெடுநேரம் வெளிய பாத்தாள்.
பிறகு சீட்டைத் திருப்பி,
என்ரை குறிப்புக்குப் பின்பக்கத்தில
பேனையைத் திறந்து வைச்சுக்கொண்டு கேட்டாள்,
'அதை நான் எழுதலாமோ?'

களவெடுத்தவன்
எதுக்கு நட்டை அவ்வளவு இறுக்கினவன்?
நான் அந்த நாலையும்
ஒண்டொண்டாக் கழட்டிக்கொண்டிருக்க
தருமபுரம் போயிட்டுது.